கரையோடு நின்றுவிடும் சட்டம்

1/ ஊட்டியில் நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற மரத்தை வெட்டணும்னாலே, 1955-ம் வருஷ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி கமிட்டி அனுமதி வேணும். அப்போ கடலுக்கு அடியில் எண்ணெய்க் கிணறு தோண்ட யாரைக் கேக்கணும்? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ நிலத்தில் எண்ணெய் இருந்தால் குத்தகை கொடுப்பது மாநில அரசு, மத்திய அரசின் ஒப்புதலோடு. ராயல்டியும் மாநிலத்துக்கு. கடல்ல இருந்தா? குத்தகை, ராயல்டி ரெண்டுமே மத்திய அரசுக்கு. அரசியலமைப்பின் 297-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது.

3/ 1974-ல் மும்பைக்கு மேற்கே 'சாகர் சம்ராட்' துளையிடும் மேடை பாம்பே ஹை எண்ணெய் வயலைக் கண்டுபிடிச்சது. ரெண்டே வருஷத்தில், 1976-ல், 40-வது திருத்தம் வந்தது. 200 கடல் மைல் வரைக்குமான வளங்கள் மத்திய அரசின் கைக்குப் போச்சு.

4/ ஆரம்பத்தில் பெரும்பாலும் ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா ரெண்டுக்கும் அரசே நேரடியாகப் பகுதிகளை ஒதுக்கியது. 1999-ல் நெல்ப் கொள்கை அமலுக்கு வந்ததும் ஏலம். ஆனா எந்த பிளாக் ஏலத்துக்கு வரணும்னு முடிவு பண்ணது அரசுதான்.

5/ 2016-ல் ஹெல்ப் கொள்கை, 2017-ல் திறந்தவெளி உரிமம். இதுதான் பெரிய திருப்பம். இப்போ கம்பெனியே வரைபடத்தைப் பார்த்து "எனக்கு இந்த இடம்"னு கேக்கலாம். அரசு அதை ஏலத்துக்கு விடும்.

6/ 2020-ஐ கவனிங்க. ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லைன்னு மாத்துச்சு. நிலம், கடல் ரெண்டுக்கும்தான். உற்பத்திக் கட்டத்துக்கு இந்த விலக்கு இல்லை.

7/ நெடுவாசல் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். அடுத்த மாசமே தமிழ்நாடு சட்டமன்றம் வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேத்துச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கூடவே கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்கள். அங்கே புதுசா எண்ணெய், எரிவாயுக் கிணறு கூடாது. நல்ல சட்டம்தான். ஆனா நாகப்பட்டினத்தின் மணல்கரையோட அது நின்னுடும். அலைக்கு அந்தப் பக்கம் செல்லாது.

8/ விவசாயிக்கு அவன் நிலத்தின் மேல் பட்டா இருக்கு. மீனவருக்கு கடல் மேல் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையா வலை வீசின அனுபவம்தான் இருக்கு. 2025-ல் குமரி ஆழ்கடல் பிளாக்குகளுக்கு எதிரா மீனவர்கள் தெருவுக்கு வந்தது இதனால்தான். கேக்கிறதுக்கு முறையான மேடை இல்லாதப்போ தெருதான் மேடை.

9/ எண்ணெயே வேண்டாம்னு நான் சொல்லல. ஊட்டிக்கு சிலிண்டர் லாரி மலை ஏறித்தான் வருது, என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரியுது. தேவை உண்மை.

10/ ஆனா ஒரு டாக்டரா எனக்குப் பழகின விஷயம் ஒண்ணு உண்டு. சிகிச்சை எவ்வளவு அவசியமா இருந்தாலும், உடம்பு யாருடையதோ அவங்ககிட்ட முதல்ல விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்கணும். வயித்தைத் திறந்து பார்த்த பிறகு கேக்கிறதுக்குப் பேரு சம்மதம் இல்லை.

11/ மலையில் ஒரு மரத்துக்குக் கமிட்டி இருக்கு. கடலோரத்து ஊருக்கு, ஆய்வுக் கிணறு போடும் முன்னாடி ஒரு கூட்டமாவது வேணும். விட்டுப்போன அந்த ஒரு படியைத் திருப்பிக் கொடுங்க.