வான்கோழி விருந்தும் நான்கு பெண்களும்

வான்கோழி என்றதும் தமிழராகிய நம் நினைவில் முதலில் எழுவது ஔவையாரின் மூதுரைதான். மயில் தோகை விரித்து ஆடுவதைக் கண்டு, தானும் அவ்வாறே ஆடத் துணிந்த அந்த அப்பாவிப் பறவையைப் பள்ளிப் பருவந்தொட்டு நாம் நகைத்து வந்திருக்கிறோம். ஆனால் வரலாறு இவ்விடத்தில் ஒரு சிக்கலை முன்வைக்கின்றது. இன்று நாம் வான்கோழி என அழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்குரியது. மெக்சிகோ மக்கள் அதனை வீட்டுப் பறவையாகப் பழக்கியிருந்தனர்; ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கடல் கடந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தனர். அதற்குப் பின்னரும் நெடுங்காலம் இந்தியாவில் அது காணற்கரியதாகவே இருந்தது என்பதற்குப் பேரரசர் ஜஹாங்கீரே சான்று. 1612இல் அவருடைய அலுவலர் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டு வந்த விந்தைப் பொருள்களுள் ஒரு வான்கோழியும் இருந்தது. அதன் தலை பச்சோந்தியைப்போல் நிறம் மாறுவதைக் கண்டு வியந்த பேரரசர், அதனைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியதோடு அமையாது, ஓவியமாகத் தீட்டவும் ஆணையிட்டார். ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழிப் படம் இன்று இலண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. எனவே, மூதுரை பாடிய ஔவை கண்டது வேறொரு பறவையாதல் வேண்டும். பழைய பெயர் புதிய பறவையின்மேல் ஏறிக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம்.

இந்தப் பறவைக்குச் சொந்த ஊரின் பெயர் எங்கும் வாய்க்கவில்லை என்பது வேடிக்கை. ஆங்கிலேயர் அதனைத் துருக்கி நாட்டுக் கோழி என்றனர். துருக்கியரோ ‘ஹிந்தி’ என்றனர். பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்தது என்று பொருள்படப் பெயரிட்டனர். டச்சுக்காரர் நம் அண்டை ஊரான கோழிக்கோட்டையே அதற்குப் பிறப்பிடமாக்கிக் ‘கல்கூன்’ என்று அழைத்தனர். அச்சொல்லின் திரிபே இலங்கையில் சிங்களப் பெயராயும் வழங்குகின்றது. போர்ச்சுக்கீசியருக்கு அது ‘பெரு’. ஒவ்வொருவரும் தமக்குத் தொலைவில் இருந்த ஒரு நாட்டின்மேல் அதனைச் சுமத்தினர்.

பெயர் எதுவாயினும், அப்பறவை ஒரு தேசத்தின் குடும்ப விருந்துக்கே அடையாளமாகிவிட்ட இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று அங்கே நன்றியறிதல் நாள் கொண்டாடப்படுகின்றது. தொலைவில் வாழும் பிள்ளைகள் பெற்றோர் இல்லம் திரும்புகின்றனர். உணவு மேசையின் நடுவே முழு வான்கோழி பொன்னிறமாக வீற்றிருக்கின்றது. இவ்வழக்கம் 1621இல் பிளிமத் குடியேற்றத்தில் தொடங்கியது எனப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டு வந்தது. அந்த 1621ஐச் சற்றே நெருங்கிப் பார்ப்போம்.

முந்திய ஆண்டு மேபிளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கப்பலேறிய வயது வந்த பெண்கள் 18 பேரில் அறுவடைக் காலத்தில் உயிரோடிருந்தோர் நால்வரே: எலனார் பில்லிங்டன், எலிசபெத் ஹாப்கின்ஸ், மேரி புரூஸ்டர், சுசன்னா ஒயிட். அறுவடை முடிந்ததும் விருந்து நடந்தது. வாம்பனோவாக் மக்களின் தலைவர் மஸ்ஸாசாய்ட், தம்மவர் 90 பேருடன் வந்து மூன்று நாள் தங்கினார். குடியேறியோர் ஏறக்குறைய 50 பேர். ஆக, 140 வயிறுகள், மூன்று நாள்கள், நான்கு பெண்கள். சில சிறுமியரும் பணிப்பெண்களும் உடனுதவியிருப்பர். சுசன்னாவுக்கோ, துறைமுகத்தில் நின்ற அதே கப்பலில் பிறந்த ஒரு வயதுக் குழந்தையும் இருந்தது.

அந்த விருந்தைப்பற்றி நேரில் கண்டு எழுதப்பட்ட சான்று எட்வர்டு வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய ஒரு கடிதமே. அதில் அந்நிகழ்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது ஒரு சிறு பகுதி. ஆளுநர் நான்கு ஆண்களைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார் என்று அது கூறுகின்றது. அவர்கள் ஒரே நாளில் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கான பறவைகளைக் கொணர்ந்தனர் என்கின்றது. வாம்பனோவாக் மக்கள் ஐந்து மான்களை வேட்டையாடித் தந்தனர் என்பதையும் குறிக்கின்றது. வேட்டையாடிய நான்கு ஆண்களுக்கு அக்கடிதத்தில் இடம் உண்டு. இறகு பறித்து, குடல் நீக்கி, கழுவி, நெருப்பின்முன் நின்று வேகவைத்த நான்கு பெண்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. இத்தனைக்கும், அவ்வாண்டு மே மாதம் கைம்பெண்ணான சுசன்னாவை மணந்துகொண்டவர் இந்த வின்ஸ்லோவே! வான்கோழி என்ற பெயரும் கடிதத்தில் இல்லை. பறவைகள் என்றுமட்டுமே உள்ளது. அந்த இலையுதிர் காலத்தில் காட்டு வான்கோழிகள் மிகுதியாகக் கிடைத்தன என்று ஆளுநர் பிராட்போர்டு வேறோரிடத்தில் எழுதியிருப்பதைக் கொண்டு, அதுவும் மேசையில் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கின்றனர்.

அந்த அறுவடைக்கே காரணமான இன்னொருவரையும் நாம் மறத்தல் ஆகாது. சோளம் பயிரிடக் குடியேறிகளுக்குக் கற்பித்தவர் திஸ்குவாண்டம். 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரை வஞ்சித்துப் பிடித்துச் சென்று, ஸ்பெயினின் மலாகா நகரில் அடிமையாக விற்க முயன்றான். அங்கிருந்த கத்தோலிக்கத் துறவியர் தலையிட்டு அவரைக் காத்தனர். எப்படியோ இங்கிலாந்து சென்று, 1619இல் தாயகம் திரும்பியபோது, அவருடைய ஊர் கொள்ளை நோயால் அழிந்து வெறுமையாய்க் கிடந்தது. அந்த ஊரின்மேல் எழுந்ததே பிளிமத்.

கத்தோலிக்கராகிய நம் காதுக்கு இனிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. பிளிமத்துக்கு 56 ஆண்டுகளுக்கு முன்பே, 1565 செப்டம்பர் 8ஆம் நாள், வேளாங்கண்ணித் திருவிழாவாக நாம் போற்றும் அதே அன்னையின் பிறப்புப் பெருவிழாவன்று, புளோரிடாவில் தரையிறங்கிய ஸ்பானியர் திருப்பலி நிறைவேற்றி, அங்கிருந்த பழங்குடி மக்களுக்கும் உணவளித்தனர். எனவே முதல் நன்றி விருந்து எங்களுடையதே என்று வாதிடும் கத்தோலிக்க எழுத்தாளர் அமெரிக்காவில் உண்டு. அப்போட்டியில் நமக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. அந்த ஸ்பானியரே சில நாள்களுக்குள் அருகிலிருந்த பிரெஞ்சுப் புரோட்டஸ்டண்டினரைக் கொன்று குவித்தனர் என்பதும் அதே வரலாறுதான்.

பிளிமத்தின் நட்பும் நிலைக்கவில்லை. 1675இல் மூண்ட போரில் மஸ்ஸாசாய்ட்டின் மகன் மெட்டகாம் குடியேறிகளுக்கெதிராகத் திரண்டார்; 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். தந்தை விருந்துண்ட அதே பிளிமத்தில் மகனின் தலை கழுமரத்தில் பல்லாண்டுகள் நின்றது. 1970 முதல் நன்றியறிதல் நாளன்று பழங்குடி மக்கள் பிளிமத்தில் கூடித் துக்க நாள் கடைப்பிடிப்பது வெறும் பிடிவாதம் அன்று.

பின்னர் இந்த விருந்து எவ்வாறு தேசிய விழாவாயிற்று? இங்கும் ஒரு பெண்ணே வருகிறார். நியூ ஹாம்ப்ஷையரில் 1788இல் பிறந்த சாரா ஜோசஃபா ஹேல், 1822இல் கணவரை இழந்தார். கையில் ஐந்து குழந்தைகள், கைத்தொழிலாக எழுத்து. 1827இல் அவர் வெளியிட்ட ‘நார்த்வுட்’ என்னும் புதினத்தில் ஒரு நன்றியறிதல் விருந்தை விரிவாக வருணித்து, மேசையின் தலைமாட்டில் பொரித்த வான்கோழியை அமர்த்தினார். நம் குழந்தைகள் ஆங்கில வழிப் பள்ளிகளில் பாடும் மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டும் அவர் எழுதியதே. பிற்காலத்தில் புகழ்பெற்ற மகளிர் இதழொன்றின் ஆசிரியராயிருந்து, மாநிலந்தோறும் வெவ்வேறு நாளில் நடந்த விழாவை ஒரே நாளில் நாடெங்கும் கொண்டாட வேண்டுமென ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் இடைவிடாது மடல் எழுதினார். கெட்டிஸ்பர்க் போரின் குருதி உலராத 1863 செப்டம்பர் 28ஆம் நாள் அவர் லிங்கனுக்கு எழுதினார். ஐந்தே நாளில், அக்டோபர் 3ஆம் நாள், நவம்பரின் கடைசி வியாழன் நன்றி நாள் என்னும் அறிக்கை வெளிவந்தது. கடைகளில் விழாக்கால விற்பனையை நீட்டிக்க எண்ணி ரூஸ்வெல்ட் 1939இல் அதனை ஒரு வாரம் முன்னே தள்ள, மாநிலங்கள் இரண்டுபட்டன. 1941இல் சட்டம் நான்காம் வியாழனை உறுதி செய்தது.

இனி அடுக்களைக்குள் நுழைவோம். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டில் அச்சேறிய முதல் சமையல் நூல் 1796இல் வெளிவந்தது. ஆசிரியர் அமெலியா சிம்மன்ஸ், முகப்பில் தம்மை ‘ஓர் அமெரிக்க அனாதை’ என்று மட்டுமே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். வயிற்றில் பூரணம் நிரப்பிச் சுட்ட வான்கோழியையும் அதனுடன் புளிப்பான கிரான்பெர்ரிப் பழக்குழம்பையும் அதில் காண்கிறோம். அக்காலத்தில் மூடிய அடுப்பில் பறவையைச் சுடும் வழக்கம் பரவலாக இல்லை. கம்பியில் கோத்த பறவையைக் கணப்பின் முன்னே மணிக்கணக்கில் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். சொட்டும் கொழுப்பைத் தட்டில் ஏந்தி மீண்டும் மேலே ஊற்றுதல் வேண்டும். அப்பணி பெரும்பாலும் வீட்டுச் சிறுவர் தலையில் விழுந்தது. தென் மாநிலங்களில் அடிமைகளின் தலையில்.

இன்றைய ஓவன் அடுப்பு திருப்பும் வேலையை ஒழித்தது. திட்டமிடும் வேலையை ஒழிக்கவில்லை. ஆளுக்கு ஒரு பவுண்டு எனக் கொண்டால் பன்னிருவருக்கு 12 பவுண்டுப் பறவை, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ தேவை. கடையில் அது கல்போல் உறைந்தே கிடைக்கின்றது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் நான்கைந்து பவுண்டு இளக ஒரு முழு நாள் ஆகும். ஆகவே வியாழன் விருந்துக்கு ஞாயிறு அல்லது திங்களன்றே தொடங்கியாக வேண்டும். மறந்தவர் குளிர்ந்த நீரில் ஆறு மணி நேரம் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 325 பாரன்ஹீட் வெப்பத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வேண்டும். தொடையின் தடித்த பகுதியிலும் நெஞ்சிலும் வெப்பமானி 165 காட்டினாலன்றி அதனை எடுத்தல் கூடாது. இடர்ப்பாடு இங்கேதான். ஓடியாடும் காலின் தசை நாரும் இணைப்புத் திசுவும் நிறைந்தது. அது மெத்தென்று ஆக நெடுநேரம் வேண்டும். நெஞ்சுத் தசையோ விரைவில் வெந்து, காத்திருக்கும் நேரத்தில் காய்ந்து வைக்கோலாகிவிடும். இன்றைய வளர்ப்பினங்கள் நெஞ்சு பெருக்கவே உருவாக்கப்பட்டவை ஆதலால் இச்சங்கடம் இன்னும் மிகுதி. அடுப்போ ஒன்று, வேக வேண்டியவை பல. பூசணி இனிப்பை முந்திய நாளே சுட்டு வைப்பதும், வெந்த பறவையை வெட்டாமல் அரைமணி ஆறவிட்டு அந்த இடைவேளையில் மற்றவற்றை அடுப்பேற்றுவதும் அனுபவமுள்ள இல்லத்தரசியர் கண்ட வழி. 1981இல் பட்டர்பால் நிறுவனம் தொலைபேசி வழியே இவ்வையங்களைத் தீர்க்க ஆறு மனையியல் வல்லுநரை அமர்த்தியபோது, அந்த முதற் பருவத்திலேயே 11,000 அழைப்புகள் வந்தன.

கத்தோலிக்க இல்லங்களிலோ இக்கணக்கு இன்னும் நுட்பமானது. விருந்து வியாழன், மறுநாள் வெள்ளி. 1966 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் வெள்ளி தோறும் இறைச்சி தவிர்க்கும் கடமையைத் தளர்த்தும்வரை, ஆயர் தனிவிலக்கு அளித்தாலன்றி, எஞ்சிய வான்கோழியை வெள்ளியன்று தொடுதல் ஆகாது. பெரிய பறவை வாங்கினால் மிஞ்சும். சிறியதை வாங்கினால் எதிர்பாராது வரும் விருந்தினருக்குப் போதாது. வியாழன் இரவே எலும்பிலிருந்து இறைச்சியை வழித்துக் குளிர்பெட்டியில் மூடிவைத்துவிட்டு, வெள்ளியன்று பிள்ளைகளுக்கு மீனோ முட்டையோ சமைத்துக் கொடுத்து, சனிக்கிழமை காலையில் அவ்வெலும்புகளைப் பெரிய பானையில் இட்டுச் சாறு காய்ச்சினர் அவ்வீட்டு அன்னையர்.