யாளியும் துப்பறியும் கோவிந்தனும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பதினொரு நிலைக் கோபுரமும் பால்கோவாவும் பலருக்கு நினைவு வரும். எனக்கு முதலில் நினைவு வருவது கோயில் மண்டபத் தூண்களில் நிற்கும் யாளிதான். சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கும் கண்கள்! ராஜபாளையம் பக்கம் நீண்டு கிடக்கும் மலைக்காட்டில் யானை உண்டு, சிறுத்தை உண்டு. யாளி மட்டும் கிடையாது. இல்லாத மிருகத்தைச் செதுக்கினான் என்று சிற்பியை யாரும் வையவில்லை. பெருமாள் சந்நிதிக்குப் போகும் வழியிலேயே அதற்கு இடம் கொடுத்தார்கள்.

அதே காரியத்தைக் காகிதத்தில் செய்தவர்களுக்கு மட்டும் வேறு நியாயம்!

1908-ல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் தமிழர் வீடுகளுக்குள் நுழைந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில மர்மக் கதைகளுக்கு வேட்டி கட்டி அழைத்து வந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். 1950-ல் அந்தச் சாமியார் சினிமாவாக வந்தபோது, நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு ஜனங்களை அசத்தினார். அப்போது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர் அவர். கலைக்கு வீடு கிடைத்தது. திகம்பர சாமியாரை மட்டும் கலையின் திண்ணையில்கூட உட்காரவிடவில்லை நம் பண்டிதர்கள்.

அவர்கள் சொன்ன குறைகள் பொய்யல்ல. இரவல் கதைகள், பக்கம் பக்கமாக உபதேசங்கள், நம்ப முடியாத சந்திப்புகள், எல்லாம் உண்டுதான். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் என்ன ஆகுமோ என்ற தவிப்பில்தானே ஒரு தலைமுறை படிக்கப் பழகியது? வடுவூராரின் ஊக்கத்தோடு எழுத வந்த வை. மு. கோதைநாயகி, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண் அவர்!

கோதை என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் பெயர். அந்தக் கோதையும் கற்பனைக்கு அஞ்சியவள் அல்ல. கண்ணன் வாயின் சுவை எப்படியிருக்கும் என்று சங்கிடம் விசாரித்தவள். மேகத்தைத் தூது அனுப்பியவள். 'நாச்சியார் திருமொழி'யின் 143 பாசுரங்களும் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது மனப்பாடத்தின் பலத்தால். யாளி நிலைத்தது கல்லின் பலத்தால். துப்பறியும் நாவலுக்கோ இரண்டும் இல்லை. மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள அமிலமே அதைத் தின்கிறது. முதலில் பழுப்பேறும், பிறகு விரல் பட்டால் அப்பளமாக நொறுங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-லேயே ஏற்பட்டுவிட்டது. 'ராஜாம்பாள்' பிறந்தபோது அதற்கு வயது முப்பத்து மூன்று. அப்படிப் பழமையான நூலகங்கள் உள்ள நாட்டில், ரங்கராஜுவின் முதற்பதிப்பைக் காணத் தவம் கிடக்க வேண்டுமா?

ஆகவே, பாட்டியின் பெட்டியில் அட்டை கிழிந்த நாவல் ஏதாவது அகப்பட்டால், தயவு செய்து பழைய பேப்பர்காரரின் தராசில் வைக்காதீர்கள். நூலகம் ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். அதுவும் ஒரு யாளிதான். என்ன செய்வது, பாவம், காகித யாளி!