யார் யாருக்கு நிரூபிப்பது?

ஆம்பூரில் ஒரு ரேஷன் கடை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆயாவின் விரலைக் கருவி மூன்று தரம் ஏற்கவில்லை. “வேற வெரல வைய்யி ஆயா” என்றார் கடைக்காரர். “எத்தினி வெரலத்தான் வெக்கறது நைனா, எல்லாம் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில தேஞ்சதுதான்.” ஓ.டி.பி. வரும் செல்போனோ வேலைக்குப் போன பேரனிடம். ஆயா வெறும் பையோடு திரும்பினார்.

கண்காணிப்பு பற்றி ஃபூக்கோவை வைத்து நிறையப் பேசிவிட்டோம். நான் கேட்பது சின்னக் கேள்வி: யார் யாருக்குத் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது?

1858இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரிடம் கைப்பதிவு வாங்கினார். நாளைக்கு ‘இது என் கையெழுத்தில்லை’ என்று அவர் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதிகாரி பதிலுக்கு அந்த ஒப்பந்தத்தில் தன் கையைப் பதிக்கவில்லை. 1897இல் கல்கத்தாவில் ரேகை நிலையமே வந்துவிட்டது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது.

செல்போனும் இந்த ஒருவழிப் பழக்கத்தோடுதான் பிறந்தது. 1991இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஜி.எஸ்.எம். முறையில் சிம் அட்டைக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கும். கம்பெனி ஓர் எண்ணை அனுப்பும். அட்டை சாவியைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்லும். சாவி காற்றில் போகாது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் கோபுரம் தான் யாரென்று போனுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. போலிக் கோபுரம் வைத்து ஒட்டுக்கேட்டவர்கள் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார்கள். மூன்றாம் தலைமுறையில்தான் இருபக்க நிரூபணம் வந்தது. ஐந்தாம் தலைமுறையில் சந்தாதாரரின் நிரந்தர எண்ணையே மறைத்து அனுப்ப வழி செய்தார்கள்.

எந்திரங்கள் கற்றதை அரசு கற்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2018இல் செல்போன் எண்ணோடு ஆதாரைக் கட்டாயமாக இணைப்பது செல்லாது என்றது. மானியத்துக்கு ஆதார் கேட்பது செல்லும் என்றது. தோல் தொட்ட கை என்று தீண்டாமல் ஒதுக்கப்பட்ட கை, இப்போது ரேகையில்லாத கை என்று திருப்பி அனுப்பப்படுகிறது.

மாற்று வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் ஷாப்புகள்மீது வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996இல் அதே நீதிமன்றம் நிரூபிக்கும் சுமையைத் திருப்பி வைத்தது: தன் தொழிலால் கேடில்லை என்று தொழில் நடத்துபவனே காட்ட வேண்டும். ரேஷன் கடையிலும் நாம் கேட்க வேண்டியது இதுதான். விரல் பொருந்தவில்லையென்றால், ஆயா ஆயா இல்லை என்பதைக் கருவி நிரூபிக்கட்டும். அதுவரை அரிசியைப் போடு.