ராமேஸ்வரத்துக் கோபுரமும் பக்கத்து அறைக் கணினியும்

இலங்கையின் மன்னார்த் தீவு வீடுகளுக்குள் கம்பியில்லாமல் படம் வந்த வழிகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அக்கரையிலிருந்து கடல் தாண்டி வந்த இந்திய அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷன். மற்றது, வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த படத்தை வைஃபை வழியே பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுப் பெட்டி ஒன்றுக்கு அனுப்பி, முன்னறைத் தொலைக்காட்சியில் பார்ப்பது. முதலாவதன் தூரம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். இரண்டாவதன் தூரம் ஒரு சுவர். இவற்றை ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். இரண்டிலும் படத்தைச் சுமப்பது ரேடியோ அலைதான். படம் வரவில்லையே என்று பார்ப்பவர் தவிப்பதும் இரண்டிலும் உண்டு. ஆனால் நான் ஒப்பிட நினைப்பது வேறொன்றை. அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரில் யார் மற்றவருக்காக வளைந்துகொடுக்கிறார்?

கோபுரத்திலிருந்து தொடங்குகிறேன். ராமேஸ்வரத்தில் 1995இல் தூர்தர்ஷனுக்காக எழுப்பப்பட்ட கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். அந்த உயரத்திலிருந்து புறப்படும் அலை, பூமியின் வளைவு மறைக்காமல், ஏறத்தாழ 74 கிலோமீட்டர் போகும் என்பது வானொலிப் பொறியியலின் எளிய கணக்கு. தீவிலுள்ள தலைமன்னார் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பேசாலை அதற்குச் சற்று அப்பால். கோபுரத்துக்கும் இந்த ஊர்களுக்கும் நடுவில் மலையும் இல்லை, மாடிக் கட்டடமும் இல்லை, வெறும் கடல். மன்னார் நகரம் கணக்கின் விளிம்பில் இருக்கிறது. அங்கே கூரைக்கு மேல் பத்து மீட்டர் குழாய் நட்டு அன்டெனாவை ஏற்றினால் எல்லை இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளிப்போகும். தீவில் அன்டெனாக் குழாய்கள் பனையோடு போட்டி போட்டு நின்றதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

கோபுரம் வருமுன்பும் படம் வந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் அஞ்சல் செய்த ஒளிபரப்பு இலங்கையின் வடமேற்குக் கரைக்கு எட்டியது. அந்தத் தூரம் 270 கிலோமீட்டருக்கும் மேல். கணக்குப்படி எட்டவே கூடாது. கடல்மேல் ஈரமான குளிர்காற்றுப் படலமும் அதற்குமேல் வறண்ட சூடான காற்றும் படிந்து நிற்கும் நாள்களில் அலை மேலே தப்பிப் போகாமல் அந்தப் படலத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து வரும். அதனால் ஒரு மாலை துல்லியமாகத் தெரிந்த படம் மறுநாள் இராது. இந்தப் போக்குவரத்து இருவழிப் பாதையாகவும் இருந்தது. இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியபின் தென் தமிழகக் கரையோரத்தில் நெடிய அன்டெனா நட்டு அதைப் பார்த்தவர்கள் உண்டு.

மன்னாரில் ஒரு வீட்டு அன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே அந்த வீடு எந்த நாட்டைப் பார்க்கிறது என்று சொல்லிவிடலாம். மேற்கே சற்று வடக்காகத் திரும்பியிருந்தால் இந்தியா. இலங்கை ஒளிபரப்புக்கு வடபகுதியில் இருந்த கொக்காவில் கோபுரம் 1990இல் போரில் அழிந்தது. 174 மீட்டர் உயரத்தில் புதியது எழ 2011 ஆயிற்று. ராமேஸ்வரத்துக் கோபுரம் எழுந்த 1995 முதல் அதுவரை, தன் நாட்டுக் கோபுரத்தைவிட அயல்நாட்டுக் கோபுரமே இந்தக் கரைக்குக் கிட்டத்தில் இருந்தது.

திருப்புவதும் ஒரு கலை. அப்பா ஏணியில் நின்று குழாயைப் பிடித்திருப்பார். மகள் யன்னலடியில் நின்று திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: “இன்னும் கொஞ்சம், அப்பா... வருது, வருது... ஐயோ, போட்டுது! பழையபடி திருப்புங்கோ!” அவர் கையை எடுத்தால் படம் போய்விடும், அவர் உடம்பும் அன்டெனாவின் ஒரு பகுதியாகிவிட்டிருக்கும். தென்மேல் பருவக்காற்றில் குழாய் தானாகத் திரும்பிவிட்டால் இத்தனையும் முதலிலிருந்து. 

பெறுகிறவர் வளைய வேண்டியது ஏணியோடு முடியவில்லை. இலங்கை 1996இல் தன் கடிகாரத்தை முன்தள்ளியது. முதலில் ஒரு மணிநேரம், சில மாதங்களில் அது அரை மணியாகக் குறைந்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்தோடு சேர்ந்தது. அந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் தூர்தர்ஷனில் எட்டு மணி என்று அறிவித்த நிகழ்ச்சி தீவில் எட்டரைக்கு வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பெருநிலப் பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. அங்கே அதே நிகழ்ச்சி எட்டுக்கே வந்தது. கடல் தாண்டி வந்த அலைக்கு வித்தியாசம் தெரியாது, தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலத்தைத் தாண்டுகிறவருக்குத் தெரியும். மொழியிலும் அப்படியே. இந்திச் செய்தியும் இந்தி நாடகமும் ஓடும்வரை காத்திருந்துதான் தமிழுக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மாலை திரைக்கு முன் இருக்க வேண்டும். கோபுரம் யாருக்காகவும் நிற்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. இந்தியாவும் இலங்கையும் 625 வரிகள் கொண்ட ஒரே ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையைத் தேர்ந்திருந்தன. அதனால்தான் கொழும்பில் வாங்கிய பெட்டியில் இந்தியப் படம் நிறத்தோடும் ஒலியோடும் வந்தது. ஒரு கரை வேறு முறையைத் தேர்ந்திருந்தால் ஏணியில் நின்று எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. எவரும் மன்னாரை நினைத்து எடுத்த முடிவு அல்ல அது.

பக்கத்து அறைக் கணினிக்கும் இப்படியொரு பொதுமுறை தேவைப்பட்டது. சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் 2003இல் கூடி அமைத்த கூட்டமைப்பு அடுத்த ஆண்டு டிஎல்என்ஏ என்று பெயர் மாற்றிக்கொண்டது. எந்தக் கம்பனியின் கணினியும் எந்தக் கம்பனியின் தொலைக்காட்சியும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது நோக்கம். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3க்கு இந்த வசதி அடுத்த ஆண்டு மேம்படுத்தலில் சேர்ந்தது. ஓராண்டு முந்திய எக்ஸ்பாக்ஸ் 360 மைக்ரோசாஃப்ட் வழியே அதையே செய்தது.

இங்கே கேட்பது பெறுகிறவர். பிளேஸ்டேஷனின் வீடியோப் பட்டியலில் ‘மீடியா சர்வரைத் தேடு’ என்பதை அழுத்தினால், அது வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் ஒரு கேள்வியை அனுப்புகிறது: படம் தர யாராவது இருக்கிறீர்களா? கணினியில் ஓடும் சர்வர் மென்பொருள் தன் முகவரியைச் சொல்கிறது. பிறகு கோப்புறைப் பட்டியல் கேட்கப்படுகிறது, தரப்படுகிறது. படத்தைத் தேர்ந்ததும் முழுக்கோப்பும் வருவதில்லை. வேண்டிய துண்டு மட்டும் கேட்டுக் கேட்டுப் பெறப்படுகிறது. பாட்டைத் தாண்டிச் சண்டைக்குப் போனால், அந்த இடத்துத் துண்டு கேட்கப்படும். இத்தனையும் நன்றாகவே நடக்கும், கணினியின் ஃபயர்வால் அந்த முதல் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டால். “சர்வர் கிடைக்கவில்லை” என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் பலருக்கு நோய், விண்டோஸ் தங்கள் வீட்டு வைஃபையைப் பொது இடத்து வைஃபை என்று எண்ணிக்கொண்டிருந்ததுதான்.

வளைந்துகொடுப்பதில் கணினியின் உண்மையான பெருமை அடுத்த கட்டத்தில். அந்தக் காலத்தில் தமிழ்ப் படங்கள் சீடியில் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் கோப்புகளாகக் கைமாறின. பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் அவற்றை 2007 டிசம்பர்வரை திறக்க மறுத்தன. திறக்கத் தொடங்கியபோது உலகம் எம்கேவி கோப்புக்கு மாறியிருந்தது. எம்கேவிக்குள் இருந்த படத்தைப் பிளேஸ்டேஷனால் காட்ட முடியும். வெளியே சுற்றியிருந்த உறைதான் பிடிக்கவில்லை. இந்தக் கரையில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1914இல் தொடங்கிய போட் மெயில் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை மீட்டர் பாதையில் வந்தது. தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு அகலப் பாதை. பெட்டிகள் கடல் தாண்டிப் போகவில்லை. பயணிகளும் மூட்டைகளும் கப்பலில் ஏறி, இக்கரையில் வேறு பெட்டிக்குள் அமர்ந்தார்கள். கணினி எம்கேவியைப் பிரித்து, படத்தைத் தொடாமல் வேறு உறையில் போட்டுத் தருவதும் அதுவே. 2008இல் வெளிவந்த பிஎஸ்3 மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருள் அதற்கு மேலும் ஒரு படி போனது. பிளேஸ்டேஷனுக்கு அறவே புரியாத படத்தை, ஓட ஓடவே எம்பெக்-2 ஆக மாற்றி, வேண்டுமானால் வசனத்தையும் படத்தின்மேல் எழுதி அனுப்பியது.

ஏணியில் நின்ற அப்பாவின் இடத்தில் இப்போது செயலி நிற்கிறது. அதன் விசிறி இரைகிறது. வேறுபாடு, கோபுரத்துக்கு ஒருவர் பார்த்தாலும் ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றுதான். கணினியிடம் இரண்டு அறையிலிருந்து இரண்டு படம் கேட்டால் அது மூச்சுத் திணறும். பரந்த மக்களுக்குப் படம் காட்டும் வழி எது என்று கேட்டால் கோபுரத்துக்கே என் ஓட்டு. அதன் சிக்கனத்துக்கு வீட்டு சர்வர் கிட்ட வராது.

பழுதாகும் விதத்திலும் இரண்டும் எதிரெதிர். அனலாக் ஒளிபரப்பில் அலை பலவீனமானால் திரையில் எறும்பு ஓடும், நிறம் போகும், ஆனால் ஒலி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். காட்சி போனால் போனதுதான். கதை நகர்ந்துகொண்டே இருக்கும். கணினியிலிருந்து வரும் படத்தில் ஒரு துண்டு தவறினால் அதை மறுபடி கேட்டு வாங்காமல் பிளேஸ்டேஷன் நகராது. படம் குறைவதில்லை, நேரம் நிற்கிறது. கதாநாயகன் கையை ஓங்கியபடி உறைந்திருக்க, திரையில் வட்டம் சுற்றும். பிளேஸ்டேஷன் 3இன் வைஃபை பெயரளவில் நொடிக்கு 54 மெகாபிட். நடைமுறையில் பாதிகூடக் கிடைப்பது அரிது, நடுவில் சிமெந்துக் கல் சுவர் இருந்தால் இன்னும் குறையும். டிவிடி தரத்துக்கு அதிகபட்சம் பத்து மெகாபிட் என்பதால் அது தடையின்றி ஓடும். புளூரே தரத்துப் படம் நாற்பதுவரை கேட்கும். சண்டைக் காட்சிகளில் படம் நிற்பதன் இரகசியம் இது. அசைவு கூடும்போது கேட்கும் தரவும் கூடுகிறது. பென்டிரைவில் போட்டுச் செருகினால் போகாதா என்றால், அந்தப் பெட்டிகள் வாசித்த எஃப்ஏடி32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய படத்தை வெட்ட வேண்டும்.

பிறகு, கரண்ட். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் ஒன்று வடக்கில் இருந்தது. கார் பற்றரி ஒன்று இருந்தால் சிறிய கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சியையும் ஓட்டலாம். அக்கரைக் கோபுரத்தின் மின்செலவு அக்கரையின் கணக்கில். வீட்டு ஏற்பாட்டிலோ கணினி, ரவுட்டர், பிளேஸ்டேஷன், தொலைக்காட்சி நான்கும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும்; முதல் மாதிரிப் பிளேஸ்டேஷன் 3 மட்டுமே ஏறத்தாழ 200 வாட் விழுங்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது இந்த நான்கில் ஒன்றுக்கும் வழியில்லை.

இரண்டையும் ஓரங்கட்டியவை வெவ்வேறு. தூர்தர்ஷன் தன் அனலாக் ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றை அண்மை ஆண்டுகளில் மூடிவிட்டது. அதற்கு முன்பே கூரைகளில் டிஷ் ஏறியிருந்தது. டிஎல்என்ஏ கூட்டமைப்பு 2017இல் கலைக்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 4 அந்த வசதியில்லாமலே 2013இல் வந்து, பயனர்கள் கேட்டுக் கேட்டு 2015இல் தந்தது. பிளேஸ்டேஷன் 5இல் மறுபடி இல்லை. இப்போது கைபேசியில் படத்தைத் தொட்டால் தொலைக்காட்சியே அதை இணையத்திலிருந்து நேரே எடுத்துக்கொள்கிறது. வசதிதான். ஆனால் தூரத்துச் சர்வரில் இருப்பதை மட்டுமே பார்க்கலாம், அது எடுத்துவிட்டால் இல்லை. பெறுகிறவர் மறுபடி அனுப்புகிறவருக்கு வளையத் தொடங்கிவிட்டார். அன்டெனாவைத் திருப்பும் உரிமைகூட இல்லாமல். கல்யாண வீடியோவையும் கோயில் திருவிழாப் பதிவையும் எந்த நிறுவனமும் நமக்காகச் சேர்த்துவைக்கப் போவதில்லை என்பதால், பழைய பிளேஸ்டேஷன் 3ஐ அலுமாரியில் வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட வேண்டாம் என்பேன். வைஃபையை மறந்துவிட்டு, ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்தால் போதும். புளூரே தரத்துப் படமும் நிற்காமல் ஓடும்.