நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்: குடும்ப மருத்துவத்தில் வழிகாட்டுதல்கள்

மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்றுப்பைகள் சிதைந்து, இழுத்த மூச்சை முழுதாக வெளியே விட முடியாமல் போகும் நோய் இது. மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். புகைபிடித்தல் முதன்மைக் காரணம். பீடி, சிகரெட்டைத் தொடாதவர்களுக்கும் விறகடுப்புப் புகையாலும் வேலையிடத் தூசியாலும் இந்நோய் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2021இல் இதனால் இறந்தோர் ஏறத்தாழ 35 லட்சம் பேர்.

இந்நோயாளிகளை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் குடும்ப மருத்துவரே. அதனால் வழிகாட்டுதல்களின் பயன் அவர் அறையில்தான் தெரியவரும். ‘கோல்ட்’ என்ற பன்னாட்டு அமைப்பு தன் முதல் அறிக்கையை 2001இல் வெளியிட்டது. பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனம் 2004இல் ஒரு வழிகாட்டுதலைத் தந்து, 2010இலும் 2018இலும் அதைப் புதுப்பித்தது. 2004 ஏப்ரலில் அந்நாட்டுக் குடும்ப மருத்துவர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி, பணியின் தரத்தோடு பிணைக்கப்பட்டது. ஊதும் சோதனையால் நோயை உறுதிசெய்வதும் அந்தத் தர அளவுகோல்களில் ஒன்றாக இருந்தது.

ஸ்பைரோமெட்ரி எனப்படும் அந்தச் சோதனையே எல்லாவற்றுக்கும் அடித்தளம். 35 வயதைக் கடந்தவர், புகைப்பழக்கம் உடையவர், நடந்தால் மூச்சு வாங்குகிறது அல்லது இருமலோ சளியோ விடுவதில்லை என்றால் இந்நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்கிறது நைஸ். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகு பலம்கொண்டமட்டும் ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. வயது ஏற ஏற இந்த விகிதம் இயல்பாகவே குறையும் என்பதால், முதியவர்களிடம் எண்ணை மட்டும் நம்பினால் இல்லாத நோயையும் இருப்பதாகக் கொள்ள நேரும். சோதனையே செய்யாமல் இன்ஹேலர் எழுதித் தருவது அதைவிடப் பெரிய தவறு. மூச்சிரைப்புக்கு இதயக் கோளாறோ இரத்தசோகையோ காரணமாக இருந்தால், அது மறைந்தே கிடக்கும்.

மருந்துக்கு முன்பே செய்ய வேண்டியவற்றை நைஸ் தெளிவாகச் சொல்கிறது. புகையை நிறுத்த உதவ வேண்டும். ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட வேண்டும். தேவைப்பட்டவர்களை நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். சமதரையில் தன் வயதினரோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குபவருக்குப் பொதுவாக அந்தப் பயிற்சி தேவை. மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சி மூச்சிரைப்பைக் குறைத்து நடையைக் கூட்டுகிறது. இதற்கு வலுவான சான்று உண்டு. ஆனாலும் மருந்துச்சீட்டு எழுதும் வேகத்தில் பயிற்சிக்கான பரிந்துரை எழுதப்படுவதில்லை. இந்தக் குறைதான் நோயாளியை வீட்டுக்குள் முடக்குகிறது.

இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்ப்பது எல்லோருக்கும் உரியதன்று, நிமோனியா அபாயத்தைக் கூட்டும். இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் மிகுந்து, நோய் அடிக்கடி தீவிரமாகிறவர்களுக்கே அது அதிகம் பயன்படும். எந்த மருந்தானாலும் உறிஞ்சும் முறை தவறினால் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். ஆகவே நோயாளியைத் தம் கண்முன் ஒருமுறை உறிஞ்சச் சொல்லிப் பார்ப்பது மருத்துவரின் கடமை.

நோயாளியை ஆண்டுக்கு ஒருமுறையேனும், நோய் மிகக் கடுமையானவரை இருமுறையேனும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது நைஸ்.