நோன்பும் தெய்வக் காட்சியும்

உணவொழித்திருப்பார்க்குத் தெய்வக் காட்சி எளிதிற் கைகூடும் என்பது உலகின் பல பகுதிகளிலும் பண்டுதொட்டு வழங்கிவரும் ஒரு கொள்கையாகும். வட அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒரு சாராராகிய ஒஜிப்வேயர், பருவம் எய்தும் இளைஞரை முகத்திற் கரி பூசிக் காட்டிலே தனித்திருக்க விடுத்து, சில நாட்கள் உண்ணாதிருக்கச் செய்து, அந்நாட்களில் அவர் காணுங் கனவைக்கொண்டு அவரைக் காக்குந் தெய்வம் இன்னதென உணரும் வழக்கமுடையராய் இருந்தனர். எகிப்து நாட்டுப் பாலைவனங்களில் வாழ்ந்த கிறித்துவத் துறவிகள் நோன்பினாலே பெயர்பெற்றவர்கள். நம் நாட்டிலோ விரதங்களைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

இப்பழங்கொள்கையினின்றே ஓர் ஐயம் இக்காலத்துப் புறப்பட்டுள்ளது. பசித்தார்க்குக் காட்சி கிட்டுமாயின், அக்காட்சியைத் தந்தது இறைவனோ, பசியோ என்பதே அது. ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி என்பார் 1954-லும் 1956-லும் வெளியிட்ட இரண்டு சிறு நூல்களில் இதனை விரிவாகப் பேசினர். ஐரோப்பாவின் இடைக்காலத்து மக்கள் பனிக்காலம் முழுவதும் பசுங்காய்கறி பெறாது உயிர்ச்சத்துக் குறைந்து மெலிந்திருந்தனர். அதன் இறுதியிலே நாற்பது நாள் தவக்கால நோன்பும் வந்து சேரும். அம்மெலிவே அவர்க்குக் காட்சிகள் மிகுதியாகத் தோன்றியதற்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. அவர் காட்சிகளைப் பொய்யென இகழ்ந்தாரல்லர். மூளையானது பேரறிவு முழுவதும் உள்ளே புகாதபடி தடுத்துச் சிறிதே கசியவிடும் ஒரு மடை போல்வது. பசியால் அம்மடை தளர்ந்தவிடத்துத் தடுக்கப்பட்டது உள்ளே பெருகும் என்றார். அவர்க்குப் பின் வந்தோர் சிலர் மடையையும் விட்டொழித்து, பசியால் மூளை கெடுதலே காட்சி எனத் துணிந்துரைப்பாராயினர்.

இவ்வுரை மெய்யாயின், அடியார் வரலாறுகள் பலவும் பட்டினியின் விளைவுகளாக எண்ணப்படும். ஆதலின் இதனைச் சினந்து ஒதுக்கிவிடுதல் அறிவுடையார் செயலன்று. ஆராய்ந்து கோடலே முறை.

உணவு ஒழிந்த உடம்பில் நிகழ்வன யாவை? முற்றும் உண்ணாதவிடத்து, ஏறத்தாழ ஒரு நாளைக்குள் ஈரலிற் சேர்ந்திருந்த சருக்கரை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பின்னர் உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அக்கொழுப்பினின்று ஈரல் ஆக்கும் கீட்டோன் என்னும் பொருள்களை மூளை தனக்கு உணவாகக் கொள்ளும் என்பதை அமெரிக்க மருத்துவர் காஹில் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1967-ல் தெளிவுற நிறுவினர். நீண்ட நோன்பிருப்பார் பலர், முதற் சில நாட்களுக்குப் பின் பசியடங்கி உள்ளம் ஒருவகைத் தெளிவெய்திற்று எனக் கூறுதற்கு இம்மாற்றமும் ஒரு காரணமாகலாம். ஆதலின் நோன்பு உள்ளத்தின் நிலையை மாற்றும் என்பதை நாம் மறுக்கவேண்டுவதில்லை. மாற்றுதல் வேறு, காட்சியைத் தோற்றுவித்தல் வேறு.

இவ்வேறுபாட்டினைக் காட்டுதற்கு ஒரு சான்றுண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பஞ்சத்தால் மெலிந்த மக்களுக்கு எவ்வாறு உணவூட்டி உடல் தேற்றுவது என்பதை அறியும்பொருட்டு, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944, 1945 ஆகிய ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். தாமே விரும்பி முன்வந்த 36 இளைஞர் 24 வாரங்கள் அரைப்பட்டினியாக வைக்கப்பட்டனர். உருளைக்கிழங்கும், வேறு கிழங்குகளும், ரொட்டியுமே அவர்க்குப் பெரும்பாலும் உணவு. அவர் தம் எடையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கை இழந்தனர். ஈண்டுக் கருதத்தக்கது, அவர் யாவரும் கொலைத்தொழிலாகிய போரை மனச்சான்றால் மறுத்தோர் என்பதும், அவருட் பலர் சமயப்பற்று மிக்க குடிகளினின்று வந்தோர் என்பதுமாம். காட்சி காண்டற்கு ஏற்ற நிலம் இதனினும் வேறுண்டோ? ஆயினும் அவரைப்பற்றி 1950-ல் வெளிவந்த பெருநூல் முதன்மையாக எடுத்துக்காட்டுவன சோர்வும், எரிச்சலும், மனத்தளர்ச்சியும், ஓயாத உணவு நினைவுமேயாம். அவர் கனவிலும் உணவே கண்டனர். சமையல் நூல்களை ஆர்வத்துடன் தேடிப் படித்தோரும் உளர். பசி தனித்து நின்றவிடத்துப் பசியையே காட்டிற்று. இது முற்பட்டினியன்று, அரைப்பட்டினியே என ஒருவர் தடை நிகழ்த்தலாம், அது பொருந்துவதே. ஆனால் ஹக்ஸ்லி கூறிய இடைக்கால மக்களின் மெலிவும் அரைப்பட்டினியே என்பதை அவர் மறத்தலாகாது.

இனி, நோன்பையே வாழ்வாகக் கொண்டார் இதுபற்றி என் கருதினர் எனக் காண்பாம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காசியன் என்னும் துறவி, தாம் எகிப்து நாட்டு முதியோரிடங் கேட்டவற்றை நூலாக எழுதிவைத்தனர். அதில் ஹெரோன் என்னும் முதியவர் வரலாறு ஒன்று வருகின்றது. அவர் ஐம்பது ஆண்டுகள் பாலைவனத்தில் அருந்தவம் இயற்றினவர். ஈஸ்டர்த் திருநாளிற் கூடத் துறவிகளோடு உடனிருந்துண்ண ஒருப்படாதவர். சிறிது உண்டால் தம் நோன்பு தளர்ந்ததாகுமென அஞ்சினவர். அவர்க்கு ஒளியுருவான தேவதூதன் ஒருவன் தோன்றினன். 'நின் தவப்பெருமையால் நினக்கு ஊறு எதுவும் நேராது. இக்கிணற்றிற் குதித்துப் பார்' என்னுங் கருத்தால் ஏவினன். குதித்தார். குற்றுயிராய் எடுக்கப்பெற்று மூன்றாம் நாள் மாய்ந்தார். இறக்குமளவும் தாம் கண்டது பொய்த்தோற்றமென அவர் ஒப்பவில்லை! காசியன் இக்கதையை நோன்பை இகழ்தற்கு எழுதினாரல்லர்; அளவறிந்து பகுத்துணரும் அறிவின்றி நோற்றல் கேடு பயக்கும் என்றற்கே எழுதினர். ஆகவே, நோன்பாற் பொய்க்காட்சி தோன்றக்கூடும் என்பது இக்காலத்தார் புதிதாகக் கண்டறிந்ததன்று. பாலைவனத்து முதியோர் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதனை அறிந்திருந்தனர்.

ஸ்பெயின் நாட்டு ஆவிலா நகரத்துத் தெரேசா அம்மையார் (1515–1582) செய்தி இதனினும் சிறந்தது. அவர் தாமே பல காட்சிகள் பெற்றவர். பல மடங்களை நிறுவி நடத்தினவர். ஒரு மடத்துத் துறவுப்பெண் ஒருத்தி நோன்பாலும் தன்னை வருத்திக்கொள்ளுதலாலும் மிக மெலிந்து, வழிபாட்டுக் காலங்களில் நினைவொடுங்கி எட்டொன்பது நாழிகை வீழ்ந்துகிடப்பாளாயினள். (இங்கு நாழிகை என்றது மேனாட்டு மணியளவையே.) அதனை அவளும் பிறரும் பேரின்ப நிலையென்றே எண்ணினர். தெரேசா அம்மையாரோ அந்நோன்புகளை நிறுத்தி, அவள் கருத்தை வேறு செயல்களிற் செலுத்துமாறு அறிவுறுத்தினர். அவ்வாறே செய்ய, அவள் உடல் தேறினள், அந்நிலையும் ஒழிந்தது. பிறிதோரிடத்தும் அவர், இத்தகையார்க்கு நன்றாக உண்ணலும் உறங்கலுமே மருந்தெனக் கூறுகின்றார். உணவு புக்கவுடன் ஒழிவது அருட்காட்சியன்று என்பது அவர் கொண்ட உரைகல். ஆராய்ச்சிக்கூடத்தார் கூறற்குரிய சொல்லைக் காட்சி கண்டவரே கூறிவைத்தமை வியக்கற்பாலது. புத்தரும் ஆறாண்டு உடலை ஒறுத்து, எலும்புந் தோலுமாகி, அவ்வழியை விடுத்துப் பாற்சோறு உண்டபின்னரே போதம் பெற்றார் என்பது பௌத்தர் வழக்கு.

இனி நம் சித்தாந்த நூல்களை நோக்குவாம். சிவஞான சித்தியார் அளவையியலில் இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி எனக் காட்சி நால்வகைப்படும். ஐயமும் திரிபும் உண்மைக் காட்சியாகா என்பதும் ஆண்டே பெறப்படும். பசியால் வருந் திரிபு திரிபேயாம். அதனைக் காக்கவேண்டிய கடப்பாடு சைவர்க்கு இல்லை. மேலும், ஹக்ஸ்லி கூறிய மடை உவமைக்கும் நம்மவர் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. உயிரின் அறிவை மறைப்பது ஆணவமே. உடம்பும் கருவிகளுமாகிய மாயையின் காரியங்களோ, இருளில் ஏற்றிய விளக்குப்போலச் சிறிதளவு விளக்கந் தருவன. கருவி மடையாயின் அதனை உடைத்தால் வெள்ளம் பெருகும்; விளக்காயின் எண்ணெயை ஒழித்தால் இருளே எஞ்சும். பட்டினியால் உடம்பைக் கெடுத்து இறைவனைக் காண்போம் என்பார் மடையுவமையைத் தாமறியாமலே கைக்கொண்டவர் ஆவர். அன்றியும் உயிர் தானாகக் காணவல்லதன்று. இறைவன் காட்டியும் உடனின்று கண்டும் உபகரிக்கவே காண்பது. குடத்திற்குத் தண்டசக்கரம்போல நோன்பு துணைக்காரணமாகலாம். தண்டசக்கரத்தைக் குயவன் எனக் கொள்ளுதலே இருதிறத்தாரும் செய்யும் பிழை. நோன்பினாலேயே காட்சி வருமென்னும் அன்பரும், நோன்பினாலேயே வந்தது ஆதலின் பொய்யென்னும் மறுப்பாளரும் ஒரே படகில் இருக்கின்றனர்.

இக்கருத்தினை உளத்திற்கொண்டு பெரிய புராணத்தைப் புரட்டுவார்க்கு ஒன்று புலனாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய அந்நூலிற் பசி வருமிடங்கள் பலவாகவும், பசியாற் காட்சி வந்ததாகக் கூறுமிடம் காண்டற்கரிது. சீகாழியில் அழுத பிள்ளையார்க்குக் காட்சி வந்தது பால் உண்ட பின்னரே. உண்ட அடையாளம் வாயில் இருந்தமையாலன்றோ தந்தையார் வினவினர்! அரிவாட்டாய நாயனார் வரலாறு ஒன்றே மாற்றாரால் எடுத்துக்காட்டப்படற்கு உரியது. வறுமையால் நெல்லின்றிப் புழைக்கடைக் கீரையும் பின்னர் வெறுநீருமே உணவாக, செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவர்க்கே சுமந்து சென்றவர் அவர். மெலிவால் தளர்ந்து வீழ, திருவமுதும் நிலவெடிப்பிற் சிந்திற்று. ஆற்றாது தம் கழுத்தை அரியத் தொடங்கிய அந்நிலையில், வெடிப்பினின்றும் இறைவர் திருக்கரமும், மாவடுவைக் கடிக்கும் ஓசையும் எழுந்தன. மெலிந்தவர் கண்ட மயக்கமே இதுவென்பார் ஒன்றை எண்ணுக: மினசோட்டா இளைஞர் தாம் உண்பதையே எண்ணினர், கனவிலுங் கண்டனர், நாயனார் பெற்ற காட்சியோ இறைவர் உண்டமை. பசி தன்னை மறந்து பிறர் உண்பதைக் காட்டும் என்பதற்கு அவர் சான்று தருவாராக.

திருநாவுக்கரசர் வரலாற்றில் இரண்டிடங்கள் உள்ளன. பழையாறை வடதளியிற் சிவலிங்கத் திருமேனியைச் சமணர் மறைத்து வைத்திருந்தனர் எனக் கேட்ட அரசர், அதனைக் கண்டு தொழுதாலன்றி உண்ணேன் என இருந்தனர். நோன்பிருந்தவர் அரசர், காட்சி பெற்றவரோ அந்நாட்டு மன்னன்! இறைவர் மன்னன் கனவிலே தோன்றித் தம்மை மறைத்த இடத்தை அடையாளத்துடன் உரைத்து, நாவுக்கரசன் உண்ணாதிருக்கின்றான் என அறிவித்தனர். மன்னன் விழித்தெழுந்து சென்று கண்டான். பசியே காட்சிக்குக் காரணமாயின், ஒருவர் பசிக்க மற்றொருவர் காண்பது யாங்ஙனம்? அடியார் நோன்பை இறைவர் ஏற்றுக்கொண்டார் என்பதே ஆண்டுப் பெறப்படுவது.

அதன்பின் காவிரிக்கரைத் தளிகள் பலவற்றைத் தொழுது திருப்பைஞ்ஞீலி நோக்கிச் செல்கையில், அரசர் நீர்வேட்கையாலும் பசியாலும் இளைத்தனர். இளைத்தபோது அவர்க்கு வானிற் சோதி ஒன்றும் தோன்றவில்லை. வழியிலே ஒரு சோலையும் குளமும் இருந்தன. பொதிசோற்றுடன் ஓர் அந்தணர் இருந்தனர். அவர் தந்த சோற்றை உண்டு, நீர் பருகி, இளைப்பாறினார். 'எங்கே செல்கின்றீர்?' என்றார் அந்தணர். பைஞ்ஞீலிக்கு என்றார் அரசர். தாமும் அங்கே போவதாகக் கூறி அவர் உடன் நடந்தார். ஊர் அணித்தாக வந்தபோது அந்தணரைக் காணவில்லை. உண்ணும்பொழுது ஓர் அந்தணராகவே கண்டிருந்தவரை, வயிறு நிரம்பி வழிநடந்து வந்த பின்னரே இன்னாரென உணர்ந்து, அரசர் நிலத்தில் வீழ்ந்து அழுதார்.