புள்ளி தொலைத்த வில்

தேசூர்ப் பக்கம், வந்தவாசி–சேத்துப்பட்டு சாலையில் நெடுங்குணம். அங்கே ராமர் யோகத்தில் உட்கார்ந்திருக்கிறார். கையில் வில் இல்லை. எதிரே அனுமன் ஓலைச்சுவடி வாசிக்கிறார். வில்லைத் தேடிய கண்ணுக்கு ஓலை அகப்பட்டதும் நல்லதுதான். நான் சொல்ல வந்த பெயரின் சிக்கல் ஓலையில் தொடங்கியது.

பெயர், சாரங்கபாணி. கேட்டால் 'பெருமாள் பேருங்க' என்பார்கள். எழுத்துப்படி பார்த்தால் அது சிவன் பெயர். சாரங்கம் மான், மானைக் கையில் ஏந்தியவர் சிவன். பெருமாளின் வில் சார்ங்கம், ரகரத்தின் தலையில் புள்ளியோடு. திருப்பாவையின் 4ஆம் பாசுரத்தில் ஆண்டாள் மழைக்கு உவமையாகக் கொண்டுவருவது இந்த வில்லைத்தான். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. படிப்பவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளி போனால் வில் மானாகிவிடும்.

சிருங்கம் என்றால் கொம்பு. கொம்பால் ஆனது சார்ங்கம். வில்லுக்கான பொருள்களாக அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு நான்கையும் சொல்கிறது. தமிழில் வில்லுக்குக் கொடுமரம் என்றொரு பெயர் உண்டு: வளைந்த மரம், அவ்வளவுதான். கொம்பு வில் அப்படி ஒரே துண்டில் வராது. நடுவே மரம், வில்லாளியைப் பார்க்கும் வயிற்றில் எருமைக் கொம்புப் பட்டை, மறுபக்கம் முதுகில் விலங்கின் நரம்பு. நாணை இழுத்தால் வயிறு நசுங்கும், முதுகு விரியும். நசுங்கலைக் கொம்பு தாங்கும். விரிதலை நரம்பு தாங்கும். நரம்புக்குப் பதிலாக மூங்கில் பட்டையோ, நார் அறுபடாமல் சீவிய மரப்பட்டையோ முதுகில் ஒட்டுவதும் உண்டு. எதை ஒட்டினாலும் உயிர் பசையில்தான்.

தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசைக்குத் தச்சர்கள் சொல்லும் பெயர் வச்சிரம்; பேச்சில் வஜ்ஜிரம். சில்லுகளை ராத்திரியே ஊறப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவார்கள். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். சூட்டோடு தடவி, ஆறுவதற்குள் இறுக்கிக் கட்ட வேண்டும். இந்திரன் ஆயுதத்தின் பெயர் பசைக்கு வந்தது நேற்றல்ல. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வஜ்ரலேபத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். அதில் ஒரு வகைக்குத் தோலோடு கொம்பையும் சேர்க்கச் சொல்கிறார். பட்டையும் கொம்பு, பசையும் கொம்பு என்றால் சார்ங்கம் என்ற பெயர் இரட்டிப்பாகப் பொருந்தும்.

பெயரில் புள்ளி போனதற்கு 'ர்ங்' நாவுக்கு வராததே காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். குறளிலேயே 'ஈர்ங்கை' இருக்கிறது. ஆனாலும் ஓலையில் புள்ளி இல்லாத இடத்தில் பேச்சு ஓர் அகரத்தைச் செருகிவிட்டது, எழுத்தும் பின்னாலேயே போனது. கும்பகோணத்துப் பெருமாளையும் சாரங்கபாணி என்றே எழுதுகிறோம். கையில் மான் இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.